கூழைக்கடாவுக்காக ஒரு சத்தியம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ராயபுரத்துக் கடலோரக் குப்பத்தில், எல்லையம்மன் கோயில் வாசலில் நின்று, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து நான் சத்தியம் செய்தேன்.

என்னவென்று? 'இந்தப் புத்தகத்தில் ஒரு கூழைக்கடாப் பறவை ஜட்ஜாக இருக்கிறது. நானாகக் கட்டிவிடவில்லை' என்று!

சிரிக்காதீர்கள். எதிரே குப்பமே உட்கார்ந்திருந்தது. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு மனுஷன் மறுபடி கடலுக்குப் போவதா, இல்லை இப்படியே மணலில் உட்கார்ந்திருப்பதா என்பது அன்றைக்குத் தீர்மானமாக வேண்டியிருந்தது. அதில் என் கூழைக்கடாவும் சம்பந்தப்பட்டுவிட்டது. எப்படி என்று கேட்கிறீர்களா? முதலிலிருந்து சொல்கிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. கப்பல்களிலிருந்து கழித்துக் கட்டுகிற பத்திரிகைகள், புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் வந்து விழும். ஆபீஸ் விட்டு வரும்போது நான் அங்கே எட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை. இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் இந்தப் பலவீனம் தெரியும். ஒரு மாதத்துக்கு முன் அங்கே ஓர் ஆங்கில நாவல் கிடைத்தது. அட்டை கிடையாது. பெயர் கிடையாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது. ஒன்பதாம் பக்கத்தில், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து கதை ஆரம்பிக்கிறது.

ஆனால் கதை இருக்கிறதே... அப்பப்பா!

எங்கேயோ ஒரு நகரம். தினம் காலையில் ஊதல் ஊதி, இன்றைக்கு என்ன வானிலை என்று சர்க்கார் அறிவிக்கும். 'மழை' என்று அறிவித்துவிட்டால் மழைதான். வெயில் மண்டையைப் பிளந்தாலும் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு, குட்டையைத் தாண்டுகிற மாதிரி தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். அந்த ஊரில் ஒரு போஸ்ட்மேன். ஒரு மழை நாளில் — அதாவது, நல்ல வெயிலில் — நடுத்தெருவில் நின்று குடையை மடக்கிவிடுகிறான். அவ்வளவுதான்! பிடித்துக்கொண்டு போய் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். அங்கே ஜட்ஜ் யார்? ஒரு கூழைக்கடா. அதுவும் செத்துப்போய்ப் பஞ்சு அடைத்த கூழைக்கடா. அது சும்மா இருப்பதைப் பார்த்து, குமாஸ்தா தீர்ப்பு எழுதுகிறார்.

இதை என் மனைவி கமலாவிடம் சொன்னேன். "இப்படியும் ஒரு பைத்தியக்கார ஊர் இருக்குமா, பார்த்தாயா?" என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உங்க ஆபீஸ்ல மார்கழி பொறந்தா ஃபேனை நிறுத்திடறாங்களே... குளிர்காலம் வந்தாச்சுன்னு சர்குலர் வருமே. சட்டை நனைய வேர்த்துக்கிட்டு வருவீங்களே, நீங்க என்னிக்காவது எழுந்து போய் அந்த ஸ்விட்சைப் போட்டிருக்கீங்களா?"

நான் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். கீரையில் பூச்சி இருக்கிறதா என்று கேட்டேன்.

வீட்டில் மதிப்பு இல்லாத இலக்கியத்தை வேறு எங்கே எடுத்துக்கொண்டு போவது? எங்கள் தெருக் கோடியில் கடல். அதை ஒட்டிக் குப்பம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கட்டுமரங்கள் கரைக்கு வந்து, மீன் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டிருக்கும். ஆண்கள் மணலில் வலையைப் பரப்பிக் கிழிசல் பார்ப்பார்கள். அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய படகின் நிழலில் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்திருக்கிறேன் போலிருக்கிறது.

"இன்னா சார், புக்கப் பாத்து நீயா சிரிச்சிகினு கீறே? எங்களாண்டயும் சொல்லு, நாங்களும் சிரிக்கிறோம்" என்றான் கண்ணையன். இருபத்தைந்து வயசு, எதற்கும் முதலில் சிரிக்கிற பிள்ளை.

சொன்னேன். தமிழில், என்னால் முடிந்தவரை கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். குப்பத்துப் பெரியதனக்காரர் ஏகாம்பரமே வந்து உட்கார்ந்துவிட்டார். அறுபது வயசு. அவர் சொன்னால் குப்பத்தில் மறுபேச்சு கிடையாது. அவர் சம்சாரம் முனியம்மா, காலை வியாபாரம் முடித்து வந்த மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாளுக்கு மறுபேச்சைத் தவிர வேறு பேச்சே கிடையாது!

கூழைக்கடா விஷயத்தில் அவர்களுக்குத் தொழில்முறையான ஆட்சேபம் இருந்தது.

"கூயக்கடா அவ்ளோ நேரம் ஒரே எடத்துல சொம்மா குந்தாது சார்" என்றார் ஏகாம்பரம். "எண்ணூர் கழியாண்ட எத்தினி பாத்துகீறேன்."

"இது பஞ்சு அடைத்ததுங்க."

"பஞ்சு அடச்சதா? அப்ப சர்தான்."

அப்புறம் கதைக்கு எந்தத் தடையும் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடியது. நான் கொஞ்சம் தாமதமாகப் போனால் 'இன்னா சார், கோர்ட்டுக்கு லேட்டா வர்றே' என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் எழுதிய கதைகளுக்குக்கூட இப்படிக் கூட்டம் சேர்ந்ததில்லை.

அந்த மூன்று வாரமும் ஒரு மனிதர் மட்டும் கூட்டத்தில் சேரவில்லை. பத்தடி தள்ளி, தனியாக, ஒரு வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெயர் தேசப்பன். முப்பது, முப்பத்திரண்டு வயசிருக்கும். முதல் வாரமே நான் கையைக் காட்டி, "கிட்டே வாங்களேன்" என்று கூப்பிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார், வரவில்லை. சரி, ஒதுங்கி இருக்கப் பிரியப்படுகிற ஆள் என்று விட்டுவிட்டேன். எனக்கே அந்தக் குணம் உண்டு.

இன்னொன்றும் கவனித்தேன். மத்தியானம் முனியம்மா ஒரு மூடிபோட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் மணலில் வைப்பாள். அங்கே ஒரு செவலை நாய் படுத்திருக்கும். "டேய் ராஜா, கொயம்பு ஆறிப்போவுது. துன்னச் சொல்லு" என்பாள், திரும்பி வந்துவிடுவாள். நாய்க்கு மூடி போட்டுக் குழம்பு வைக்கிற அளவுக்குப் பாசமா என்று ஆச்சரியப்பட்டேன். அந்த 'சொல்லு' என் காதில் விழத்தான் செய்தது. புத்தியில் விழவில்லை.

இரண்டாவது வாரம், கோர்ட்டு கட்டம். போஸ்ட்மேனோடு குடை மடக்கிய குற்றத்துக்காக வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். 'தெரிந்தேதான் மடக்கினேன், தப்பு' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குடையே இல்லாதவர்கள்கூடக் குடையை மடக்கினேன் என்று ஒப்புக்கொண்டு போய்விடுகிறார்கள். போஸ்ட்மேன் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றே ஒன்றைச் சொல்கிறான்: 'வெயில் அடித்தது.'

"ஒத்துகினு வூட்டுக்குப் போவ வேண்டியதுதானே? பொயக்கத் தெரியாத ஆளு!" என்று கண்ணையன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

தேசப்பன் மடியிலிருந்த வலையில் ஊசி நின்றுபோனதைப் பார்த்தேன். ஏதோ நூல் சிக்கல் என்று நினைத்தேன். உண்மையில் அந்த வலையில் கிழிசலே கிடையாதாம். மூன்று மாதமாகத் தண்ணீரே படாத வலை எப்படிக் கிழியும்? கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், நல்ல கண்ணியைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எதிரே இருக்கிற மனுஷனைப் பார்க்கத் துப்பில்லாமல், எங்கேயோ இல்லாத ஒரு ஊரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போஸ்ட்மேன் ஒப்புக்கொள்ளாததால் அவனுக்குப் பெயர் பறிமுதல் தண்டனை. அவன் பெயரை அவனிடமிருந்து பிடுங்கி, ஒரு பறவைக் கூண்டில் போட்டு, ஆபீஸில் மாட்டிவிடுகிறார்கள். சிப்பந்தி தினம் அதற்குத் தண்ணீர் மாற்றுவான்.

"பேரு இன்னா துன்னும் சார்?" என்றான் கண்ணையன்.

"அது புத்தகத்தில் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் உற்சாகமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பெயர் போனவனை யாரும் கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது. பேசினால் பேசினவன் பெயரும் கூண்டுக்குப் போய்விடும். போஸ்ட்மேன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பெண்சாதி கதவைத் திறக்கிறாள். அவனைப் பார்க்காமல், தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்து, 'கம்பமே, கஞ்சி ஆறிப்போகிறது. குடிக்கச் சொல்லு' என்கிறாள்.

நான் நிறுத்தி நிமிர்ந்தேன். இந்த இடத்தில் பெரிய சிரிப்பு வரும் என்று முந்தின நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சிரிப்பு வரவில்லை.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த முனியம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணையன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. பத்தடி தள்ளியிருந்து. தேசப்பன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலையைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு முட்டச் சிரித்தார். சிரித்து முடித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏகாம்பரம் எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது.

"இன்னா சார், டபாய்க்கிறியா? எங்க குப்பத்து சமாச்சாரத்த வெள்ளக்காரன் புக்குல கீதுன்னு எங்களுக்கே சொல்றியா? யாரு உனுக்கு சொன்னது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. திரும்பினார்.

"டேய் தேசப்பா! நீதானடா இவுருக்கு சொல்லிக் குடுத்தே?"

சொல்லி முடித்த அந்த நிமிஷமே அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

"யோவ்... பேசிட்டியேய்யா!" என்றாள் முனியம்மா.

தேசப்பன் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்ல மாமா. நான் சொல்லல" என்றார், மெதுவாக. அந்த 'மாமா'வைச் சொல்ல அவர் மூன்று மாதம் காத்திருந்திருக்கிறார்.

கண்ணையன்தான் என்னை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கக் கூடாது. அது காலகாலமான வழக்கம். மூன்று மாதம் முன்பு, விடியும் முன்னால் ஏகாம்பரத்தின் அண்ணன் காலமாகிவிட்டார். தேசப்பனுக்கும் அவர் தாய்மாமன்தான். அன்றைக்குத் தேசப்பனும் கண்ணையனும் ஒரே மரத்தில் கடலில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பஞ்சாயத்து கூடியது. சபை நடுவில் விழுந்து, 'தெரிஞ்சேதான் போனோம், தப்பு' என்று சொல்ல வேண்டும் என்றார்கள். கண்ணையன் விழுந்தான். விட்டுவிட்டார்கள். தேசப்பன் விழவில்லை. 'போறப்ப சாவு வுழுந்தது எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு எப்பிடி சொல்றது?' என்று நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து கட்டுப்பாடு. அவரோடு யாரும் பேசக் கூடாது. அவரோடு சேர்ந்து மரம் தள்ளக் கூடாது. கட்டுமரத்தைத் தண்ணீரில் இறக்க இரண்டு ஆளாவது வேண்டுமே, தனி ஆள் என்ன செய்வான்? அவர் மனைவி குழாயடியில் எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் குடம் வைக்க வேண்டும். மீறிப் பேசினவர்களுக்கும் அதே கட்டுப்பாடு. இந்தக் கடைசி வரியைச் சேர்த்தவர் வேறு யாருமில்லை. ஏகாம்பரமேதான்.

ஆக, இப்போது பெரியதனக்காரரோடு யாரும் பேசக் கூடாது!

இந்த உண்மை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. யார் எடுத்துச் சொல்வது? சொன்னால் அவரோடு பேசினதாக ஆகிவிடுமே! ஏகாம்பரம் பக்கத்தில் கிடந்த கட்டுமரத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

முனியம்மா மட்டும் அசரவில்லை. சாவகாசமாக வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, நாய்ப் பக்கம் திரும்பினாள்.

"டேய் ராஜா, எங்கூட்டு ஆம்பள தேசப்பனாண்ட பேசிட்டாரு. அவரு போட்ட கட்டுப்பாடு அவரு தலையிலயே வந்து குந்திகிச்சி. மத்தியானம் நான் அவருக்கு சோறு போடலாமா, கூடாதா? கேட்டு சொல்லு."

அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அப்போது வெடித்தது. ஏகாம்பரம் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்குக் கோபமும் போய்விட்டிருந்தது. என்ன செய்வது என்று தெரியாத ஒரு பெரிய மனுஷனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது.

சாயங்காலம் கோயில் வாசலில் பஞ்சாயத்து. என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். புத்தகத்தோடு வரச் சொல்லி!

நான்கு பெரியவர்கள். நடுவில் ஒரு தாம்பாளத்தில் என் அட்டையில்லாத நாவல். இங்கிலீஷில் எழுதினவருக்கு இந்த மரியாதை வேறு எங்கேயாவது கிடைத்திருக்குமா, சொல்லுங்கள். முதல் விசாரணை எனக்குத்தான். கதை நான் கட்டிவிட்டதா? தேசப்பன் சொல்லிக் கொடுத்ததா? சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னார்கள். அணைத்தேன். சொன்னேன். விரல் கொஞ்சம் சுட்டது.

"அந்த ஊருல கடலு கீதா சார்?" என்று நால்வரில் ஒருவர் கேட்டார்.

"கதையில் கடல் வரவில்லை."

"அதான் பாத்தேன்" என்று அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்தது ஏகாம்பரம். எழுந்து கை கட்டி நின்றார். இத்தனை நாள் மற்றவர்களை நிற்க வைத்த இடத்தில் அவரே நின்றார்.

"கோவத்துல பேசிட்டேன். தெரியாம வாயில வந்துடுச்சி. வேணும்னு பேசல" என்றார்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தெரியாமல் செய்ததுதானே, விட்டுவிடலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"டேய் ராஜா!"

"முனிமா, சபையில பொம்பளைங்க பேசக் கூடாது" என்றார் ஒரு பெரியவர்.

"நான் இன்னா உன்னாண்டயா பேசறேன்? நாயாண்ட பேசறேன்" என்றாள் முனியம்மா. நாயும் சமர்த்தாக அவள் காலடியில்தான் இருந்தது. "ராஜா, தெரியாமப் பேசினா தப்பில்லன்னா, தெரியாமப் போனது மட்டும் எப்பிடிரா தப்பாவும்? மாமனுக்கு ஒரு நாயம், மருமவனுக்கு ஒரு நாயமா? கேட்டு சொல்லு."

ஏகாம்பரம் தலை குனிந்து நின்றார். பிறகு தேசப்பனைக் கை காட்டிப் பேசினார்.

"எங்க அண்ணன தூக்கறப்ப நாலு தோளுல ஒரு தோளு இவன் தோளா இருக்கணும்னு நெனச்சேன். இவன தூக்கி வளத்தவரு. கடக்கரையில நின்னு நின்னு பாத்தேன். வரல இவன். அதான் எனக்கு ஆறல."

இவ்வளவுதானா? வழக்கம், கட்டுப்பாடு, சபை மரியாதை என்று மூன்று மாதமாகச் சொன்னதெல்லாம் இந்த ஒரு வருத்தத்தைத்தானா?

தேசப்பன் அழுதுவிட்டார். "தெரிஞ்சிருந்தா நீந்திகினாவது வந்திருப்பேன் மாமா" என்றார்.

"அப்ப இவன் தெரிஞ்சேதான் போனோம்னு வுழுந்தானே?" ஏகாம்பரம் கண்ணையனைக் காட்டினார்.

எல்லாத் தலையும் திரும்பியது. எதற்கும் முதலில் சிரிக்கிற கண்ணையன் எழுந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"வுழுந்தா வுட்டுடுவீங்கன்னு வுழுந்தேன் மாமா. எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. நாங்க போறப்ப ஒரு அழுகச் சத்தமும் இல்ல. நெஜம்." பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினான். "நீயும் வுழுந்துடுவேன்னு நெனச்சேண்ணே. நீ வுழாம நிப்பேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அவன் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

எனக்கு நாவலின் அந்த நாற்பது பேர் ஞாபகம் வந்தது. ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். படிக்கும்போது அவர்களைப் பார்த்து எவ்வளவு சிரித்தேன்! மார்கழி மாதத்தில் வேர்வையோடு உட்கார்ந்து, குளிர்காலம் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போடுகிற நான் அந்த வரிசையில் எத்தனையாவது ஆள்? யுத்த காலத்தில் ஊதல் சத்தம் கேட்டவுடன் குழியில் இறங்கிப் படுத்தோமே, அதில் எத்தனை தடவை ஆகாயத்தில் காக்காய்கூட இல்லை! ஏன் என்று கேட்டோமா? விசித்திரமான ஊர் என்று தனியாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் எட்டி நின்று பார்த்தால் எல்லா ஊரிலும் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கும்.

ஆனால் நம் ஊர்க் கூழைக்கடாவில் ஒரு வித்தியாசம். அதற்குள் இருப்பது பஞ்சு அல்ல. ஏகாம்பரம் நேராக நடந்து போய்த் தேசப்பன் தோளில் கை வைத்தார். பெரியவர்கள் தீர்ப்புச் சொல்கிற வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

"காலைல மரத்த எறக்கு. நானும் வரேன்."

"அப்ப நானு?" என்றான் கண்ணையன், தலையைத் தூக்கி.

"நீ ரெண்டு நாளிக்கு மணல்ல குந்திகினு வலையப் பாரு."

இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்தக் கோர்ட்டில் எழுதியிருப்பார்கள்? நான் வீட்டுக்கு வந்ததும் கமலா, "ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்டாள். விரலைக் காட்டினேன். வெண்ணெய் தடவிவிட்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகும்போது கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். தேசப்பன் உட்காருகிற இடத்தில் யாரும் இல்லை. குழாயடியில் அவர் மனைவி மற்ற பெண்களோடு வரிசையில் நின்று, இடத்துக்காக யாருடனோ உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

அன்று மத்தியானம், டிபன் சாப்பிடுகிற நேரத்தில், நாவலின் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். முடித்திருக்கக் கூடாது. போஸ்ட்மேன் கடைசியில் அந்த ஆபீஸுக்குப் போகிறான். நூற்றுக்கணக்கில் கூண்டுகள். எதில் தன் பெயர் இருக்கிறது என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனே அதை மறந்துவிட்டான். வெளியே வருகிறான். நல்ல வெயில். மெதுவாகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, குட்டையைத் தாண்டுகிற மாதிரி தாண்டி நடந்து போகிறான். அவ்வளவுதான் கதை.

நேற்றுச் சாயங்காலம் தேசப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஓலையில் கோத்த நாலு சங்கரா மீன். பின்னால் முனியம்மா, காலிக் கூடையோடு. கடலில் நாலு நாள் போய் வந்ததில் தேசப்பனுக்கு முகமே மாறியிருந்தது. மீனைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"சார்... அந்த போஸ்ட்மேனுக்குப் பேரு திரும்பக் கெடச்சிதா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கிடைத்தது" என்றேன்.

"யாரு எடுத்துக் குடுத்தது?"

"ஒரு மீன்காரி. நேரே ஆபீஸுக்குள் போய்க் கூண்டைத் திறந்துவிட்டாள்."

"அப்பிடிப் போடு!" என்று முனியம்மா கூடையைத் தட்டினாள். தேசப்பன் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

மொழிபெயர்ப்பு என்றால் இந்த அளவு பிழை இருக்கத்தான் செய்யும்!